ரெண்டு கதவு வண்டி

அவர்கள் வீட்டுப் பழைய கார் ஒரு சிக்னலில், பச்சை விழுந்த பிறகு, உயிரை விட்டது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்து ஓய்ந்து, திட்டி ஓய்ந்து, கடைசியில் இரண்டு பேர் இறங்கி வந்து தள்ளவும் செய்தார்கள். மெக்கானிக் பானட்டைத் திறந்தார், கொஞ்ச நேரம் பார்த்தார், சத்தம் வராமல் மூடினார். மூடிய விதத்திலேயே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

"இதுக்கு மேல இதை எழுப்புறது பாவம் சார்" என்றார் மெக்கானிக். "புதுசா ஒண்ணு பாருங்க."

புருஷனை எல்லோரும் லிஃப்ட்டுக்காரர் என்பார்கள். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலை. இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வியர்த்து விறுவிறுத்துக் கிடப்பவர்களை இறக்கிவிட்டு இறக்கிவிட்டு, உலகத்துப் பொருள்களையெல்லாம் அவர் இரண்டே வகையாகத்தான் பார்ப்பார்: நடுவில் நிற்பது, நிற்காதது. மிக்ஸியானாலும் சரி, குடையானாலும் சரி, கடைக்காரரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி "நடுவுல மக்கர் பண்ணாதே?" என்பதுதான்.

பெண்டாட்டியை ஊரில் பாதிப் பேருக்கு பிரேக் டீச்சர் என்றால்தான் தெரியும். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். ஸ்கூல் காரில் அவளுக்கு எப்போதும் பக்கத்து சீட். காலடியில் அவளுக்கென்று தனி பிரேக். நாள் முழுக்க அந்த பிரேக்கை மிதித்து மிதித்து சாயங்காலம் முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கும். வீட்டுக்கு வந்த பிறகு ஸ்டீயரிங் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். வீட்டுக் காரை ஓட்டுவது புருஷன் பொறுப்பு. ஆக, ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அங்கேயும் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். அது வினோதம் என்று அவளுக்கே தோன்றியதில்லை.

புதுக் கார் எது என்பதில் லிஃப்ட்டுக்காரருக்குக் குழப்பமே இல்லை. ஒரு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் விசாரித்தார். தன்னுடன் லிஃப்ட்டில் ஏறினவர்களைக்கூட விடவில்லை. கடைசியில் வெள்ளை நிறத்தில் உயரமான ஒரு சின்ன கார் முடிவானது. நாலு கதவு, மடக்கி விடக்கூடிய பின்சீட், டிக்கியில் ஒரு குடித்தனத்தையே ஏற்றலாம்.

"கெட்டுப்போகணும்னு அதுவே ஆசைப்பட்டாலும் கெட்டுப்போகாது" என்றார்.

ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். டீச்சர் ஏறி உட்கார்ந்தாள். சீட், கண்ணாடி, கியர், எல்லாம் கைக்குத் தானாக வந்து பொருந்தியது. வராமல் எங்கே போகும்? டிரைவிங் ஸ்கூல் காரும் அதே கார்தான். அதன் நல்ல குணத்தை அவளைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க முடியாது. எத்தனை பேர் கிளட்சைக் கதறவைத்தாலும், எத்தனை பேர் நடைபாதையில் ஏற்றி இறக்கினாலும், மறுநாள் காலையில் ஒரே திருகில் கிளம்பிவிடும். குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவளை, ஆபீஸ் நாற்காலியோடு தூக்கிக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோவது மாதிரி இருந்தது.

"என்ன, எப்படி?" என்றார் லிஃப்ட்டுக்காரர், வாயெல்லாம் பல்லாக.

"நல்லாத்தான் இருக்கு. பார்க்கலாம்" என்றாள்.

அவள் 'பார்க்கலாம்' என்றால் 'சரி' என்று எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். இத்தனை வருஷத்தில் பெரும்பாலும் அது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அந்த வாரம் முழங்காலுக்குத் தைலம் வாங்க டீச்சர் மருந்துக்கடைக்குப் போனாள். கடையை நடத்துகிற பெண் ஆறு மாதத்திலேயே நிறைமாதம் போலிருந்தாள். கவுண்டருக்குப் பின்னால் ஒரு உயர ஸ்டூலில் உட்கார்ந்து, எட்டாத மருந்தையெல்லாம் ஒரு நீளக் கொம்பால் சரித்துக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். சில்லறை வாங்கும்போது டீச்சரின் கண் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த தாளில் விழுந்தது. கார் விற்பனைக்கு. கடையின் பின்பக்கம் பார்க்கலாம்.

"உங்க வண்டியா?" என்று சும்மாதான் கேட்டாள்.

"என்னோடதுதான் அக்கா. ஆசைப்பட்டு வாங்கினது. இப்போ ஸ்டீயரிங்குக்கும் எனக்கும் நடுவுல ரெண்டு பேரு வந்துட்டாங்க." வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "இரட்டை. ரெண்டு கதவு வண்டியில ரெண்டு குழந்தையை எப்படித் திணிக்கிறது? வீட்டுக்காரருக்கு ஓட்டவும் தெரியாது. வித்துட்டு ஒழுங்கா ஒரு குடும்ப வண்டி வாங்கணும்."

பின்பக்கம் போய்ப் பார்த்தாள் டீச்சர். கரும்பச்சை நிறத்தில், முட்டிக்கு மேல் கொஞ்சம்தான் உயரம் என்று சொல்லும்படி, தாழ்வாக, குட்டியாக ஒரு கார். உருண்டை விளக்குகள். பானட் ஓரத்தில் பெயின்ட் கொஞ்சம் மங்கியிருந்தது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால், தேய்ந்து பளபளத்த ஒரு கியர் குமிழ்.

மருந்துக்கடைப் பெண் அசைந்து அசைந்து வந்து சாவியை நீட்டினாள். "ஒரு சுத்து போய்ட்டு வாங்க. நான் கூட வரலை. ஏறிடுவேன், இறக்கத்தான் கிரேன் வேணும்."

"என்னை நம்பிக் குடுக்குறீங்களா?"

"பிரேக் டீச்சர்தானே நீங்க? என் தம்பி உங்ககிட்டதான் கத்துக்கிட்டான். 'திட்டவே மாட்டாங்க, பெருமூச்சு மட்டும் விடுவாங்க, அதுதான் பயமா இருக்கும்'னு சொல்வான்."

டீச்சர் உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். ஆமாம், அந்த வண்டியில் ஏற முடியாது, இறங்கத்தான் முடியும். ரோடு கைக்கெட்டும் தூரத்தில் ஓடுவது போலிருந்தது. முதல் தெருவைத் தாண்டும்வரை ஏதோ குறைகிறது என்று உறுத்திக்கொண்டே இருந்தது. என்னவென்று யோசித்தாள். பக்கத்து சீட்டில் ஆள் இல்லை. 'கிளட்ச், கிளட்ச்' என்று சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியில் யாருக்காகவும் பார்க்க வேண்டியதில்லை. கார் ஒன்றில் அவள் தனியாக இருந்து எத்தனை காலம் ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள், நினைவுக்கே வரவில்லை.

ஏரிக்கரை ரோட்டுக்குத் திருப்பினாள். அங்கே ரோடு ஏரியின் ஓரத்தையொட்டி வளைந்து வளைந்து போகும். முதல் வளைவில் கியரைக் குறைத்தாள். 'டக்'கென்று சொடுக்குப் போட்ட மாதிரி விழுந்தது. ஸ்டீயரிங்கை விரலால் தொட்டால் போதும், மூக்கு அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. வேகம் ஒன்றும் பெரிதாக இல்லை. முள் அவள் மாணவர்களுக்கு அனுமதிக்கிற எண்ணைத் தாண்டக்கூட இல்லை. இருந்தாலும் வண்டி அவள் நினைத்ததை நினைத்த மாத்திரத்தில் செய்தது. இரண்டாவது வளைவில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. தான்தான் என்று தெரிந்ததும் வெட்கமாகப் போய்விட்டது. மூன்றாவது வளைவில் வெட்கமும் போய்விட்டது.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது மருந்துக்கடைப் பெண் அவள் முகத்தைப் பார்த்து, "ரெண்டு நாளைக்கு யாருக்கும் காட்டாம வைக்கிறேன்" என்றாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது டீச்சர் விஷயத்தை அவிழ்த்தாள். லிஃப்ட்டுக்காரர் பொறுமையாகத்தான் கேட்டார். 'பழைய வண்டி' என்றபோது புருவம் ஏறியது. 'ரெண்டு கதவு' என்றபோது சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார்.

"ரெண்டு கதவா? பின்னாடி எப்படி ஏறுறது?"

"முன்சீட்டை மடக்கிட்டு ஏறணும்."

"நடுரோட்டுல நின்னா?"

"இறங்கித் தள்ளுவோம். இந்தத் தடவை தள்ளலையா?"

"அதுக்குத்தானே புதுசு வாங்குறோம்! தள்ளுறதுக்கு எதுக்கு இன்னொண்ணு?" பேச்சு சூடு பிடித்தது. "டிக்கி என்ன சைஸு? ஒரு அரிசி மூட்டை வைக்க முடியுமா?"

"நாம எப்பங்க மூட்டையில அரிசி வாங்கினோம்?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன். பின்சீட்டுல யாராவது உட்கார முடியுமா, முடியாதா? அதைச் சொல்லு."

"பின்சீட்டுல யாருங்க உட்காரப் போறா? நாம ரெண்டு பேருதானே?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அவர் முகம் சட்டென்று விழுந்துவிட்டது. தட்டைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "அவ வந்தா?"

அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. போன அன்றைக்கு அழுதது இவள்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போனவளும் இவள்தான். அவர் அழவில்லை. ஸ்டேஷனிலிருந்து வரும்போது ரோட்டில் குழி எத்தனை என்று பேசிக்கொண்டே வந்தார். இந்த ஒரு வாரமாக நாலு கதவு, நாலு கதவு என்று அவர் அடித்துக்கொண்டதெல்லாம் பின்கதவு இரண்டுக்காகத்தான் என்று இப்போது புரிந்தது. பின்கதவு இல்லாத வண்டியை வாங்கினால், மகள் திரும்பி வந்து இந்த வீட்டில் இருக்கப் போவதில்லை என்று அவரே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

டீச்சர் அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "வேண்டாங்க. வெள்ளை வண்டியே வாங்கிடலாம். அதுவும் நல்ல வண்டிதான்" என்றாள். மனசறிந்துதான் சொன்னாள்.

அவர் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். காலையில் ஷூ மாட்டிக்கொண்டே, "ஞாயிற்றுக்கிழமை அந்தப் பச்சையைப் போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்றார். "பார்க்கிறதுல என்ன இருக்கு? பார்க்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்டுக்காரர் பச்சைக் காரை நோயாளியைப் போலப் பரிசோதித்தார். குனிந்து அடியில் டார்ச் அடித்தார். இன்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டார். மருந்துக்கடைப் பெண் ஸ்டூலை வெளியே போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். ஒளிவு மறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மழைக்காலத்தில் காலையில் கொஞ்சம் சிணுங்கும். பெட்ரோல் முள்ளை நம்பக்கூடாது. போன வருஷம் ஒரு தடவை வழியில் நின்றிருக்கிறது.

"நின்னிருக்கு" என்றார் லிஃப்ட்டுக்காரர், பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்து.

"ஒரு தடவை" என்றாள் டீச்சர்.

"சரி, பின்சீட்டைப் பார்க்கிறேன்" என்று சொல்லி முன்சீட்டை மடக்கினார். அவர் நல்ல ஆகிருதி. முதலில் ஒரு காலை விட்டார், பிறகு தலையை விட்டார், பிறகு எதை விடுவது என்று யோசித்தார். எப்படியோ உள்ளே போய் விழுந்தார். முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன. டீச்சர் முன்சீட்டை நிமிர்த்தினாள்.

"ம். உட்காரலாம். மகாராஜாவா இல்லை, கைதியா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "சரி, மடக்கு. இறங்குறேன்."

நெம்புகோலை இழுத்தாள். சீட் அசையவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். ம்ஹூம்.

"என்ன?"

"ஒண்ணுமில்லை, கொஞ்சம் இருங்க."

"மாட்டிக்கிச்சா?"

மாட்டிக்கொண்டவர்களை எல்லாம் வெளியே எடுப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனுஷன், ஒரு காரின் பின்சீட்டில் வசமாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மருந்துக்கடைப் பெண்ணுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அடக்கவும் முடியவில்லை; வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, என்னைச் சிரிக்க வைக்காதீங்க, இங்கேயே பிறந்துடப் போகுதுங்க" என்று கெஞ்சினாள்.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட்டுக்காரரின் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிடுகிற நேரம். சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது. வீடியோவில் மகளின் முகம் தெரிந்தது.

"அப்பா, எங்க இருக்கீங்க? ஏன் முட்டி முகத்துக்கிட்ட இருக்கு?"

அவர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் சிரிப்புத் தாங்கவில்லை. போன் கீழே விழுந்து, கொஞ்ச நேரம் வெறும் கூரைதான் தெரிந்தது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பி வந்தாள்.

"நீங்க எதுக்குப்பா அங்க போய் உட்கார்ந்தீங்க?"

"நீ வந்தா உட்கார முடியுமான்னு பார்க்கத்தான்."

"நானா? பின்சீட்டுல உட்கார்ந்தா எனக்கு வாந்தி வரும்னு உங்களுக்குத் தெரியாது? பத்தாவது படிக்கிறப்பவே அம்மாவைப் பின்னாடி தள்ளிட்டு நான் முன்னாடி வந்துட்டேனேப்பா."

உண்மைதான். அவர் நினைப்பில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது ஜன்னலில் மூச்சு விட்டு அதில் பொம்மை வரைகிற ஒரு சின்னப் பெண். அவள் இறங்கிப் போய் ரொம்ப நாளாகிவிட்டது.

"அப்பா" என்றாள் மகள், சிரிப்பை அடக்கி. "இங்க வேலையில என்னை நிரந்தரமாக்கிட்டாங்க. நேத்துதான் சொன்னாங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நான் லீவுக்கு வருவேன். வந்தா முன்னாடி உட்காருவேன். யார் ஓட்டுறா?"

அவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். "நல்ல செய்திம்மா. ரொம்ப நல்ல செய்தி" என்றார். "அம்மாதான் ஓட்டுவா."

போனை வைத்த பிறகு மருந்துக்கடைப் பெண் சீட்டை விடுவிக்க எழுந்தாள். அதற்கு ஒரு தந்திரம் இருந்ததாம். லிஃப்ட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருக்கட்டும்மா. ஏறினது ஏறிட்டேன். ஒரு சுத்து போய்ட்டு வந்தே இறங்குறேன்." பெண்டாட்டியைப் பார்த்தார். "அந்த ஏரிக்கரை ரோடுன்னு சொன்னியே, ஓட்டு பார்ப்போம்."

ஓட்டினாள். முதல் வளைவில் பின்னாலிருந்து "மெதுவா, மெதுவா" என்று வந்தது. இரண்டாவது வளைவில் ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த வளைவில் கியரைக் குறைத்து, உள்ளே நுழைந்து, வெளியே வருகையில் கண்ணாடியில் பார்த்தாள். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லை. நீ இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. பார்த்திருக்கேன், மறந்துட்டேனோ என்னவோ." பிறகு கொஞ்சம் முனகினார். "காலு மரத்துப்போச்சு. ஆனா நீ போ."

திரும்பி வந்ததும் மருந்துக்கடைப் பெண் நெம்புகோலைக் கொஞ்சம் மேலே தூக்கி, சீட்டின் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். சீட் மடங்கியது. லிஃப்ட்டுக்காரர் பாகம் பாகமாக வெளியே வந்தார். நிமிர்ந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்கிக்கிறோம்மா" என்றார்.

அதோடு விட்டாரா? விடவில்லை. ஒரு வாரமாக அவர் சேகரித்துவைத்திருந்த ஞானம் வீணாகப் போவதாவது! "நீங்க என்ன வண்டி வாங்கப் போறீங்க?" என்று மருந்துக்கடைப் பெண்ணிடம் ஆரம்பித்தார். அவள் இன்னும் முடிவு செய்யவில்லை என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை டீச்சரோடு சேர்ந்து அவளையும் அவள் புருஷனையும் கூட்டிக்கொண்டு வெள்ளை வண்டி ஷோரூமுக்குப் போனார். விற்பனைப் பையனைப் பேசவே விடவில்லை. பின்சீட்டை மடக்கிக் காட்டினார். இரட்டைக் குழந்தைகளை உட்காரவைத்துத் தள்ளுகிற வண்டி ஒன்றைக் கடையிலிருந்து இரவல் வாங்கிவந்து டிக்கியில் வைத்து மூடிக் காட்டினார். பின்கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதைத் தானே ஏறி இறங்கி நிரூபித்தார். அந்தப் பெண் மனநிறைவோடு தலையாட்டினாள்.

"எனக்கு இப்போ இதுதான் அக்கா வேணும்" என்று டீச்சரிடம் சொன்னாள். "பச்சையில கிடைச்ச சந்தோஷமெல்லாம் கிடைச்சாச்சு. ராத்திரி மூணு மணிக்கு ஒண்ணு காய்ச்சல்ல அழுதா, சாவியைத் திருகினதும் இது கிளம்பணும். அவ்வளவுதான்."

"கிளம்பும். அதுக்கு நான் ஜவாப்தாரி" என்றாள் டீச்சர். அவள் சொன்னது வெறும் வார்த்தை இல்லை. மறுவாரத்திலிருந்து அந்தப் பெண்ணின் புருஷன் அவளிடம் மாணவனாகச் சேர்ந்தான். அவன் கணக்கு வாத்தியார்; வளைவு வருவதற்கு முன்பே அதை மனசில் கணக்குப் போட்டுவிட்டு, வளைவு வந்ததும் நேராகப் போய்விடுகிற ரகம். குழந்தைகள் பிறப்பதற்கு முன்பே அவனைத் தேர்ச்சி பெற வைத்துவிட்டாள். இரண்டுமே பெண். வீட்டுக்கு வந்தது வெள்ளைக் காரில்.

பச்சைக் கார் சொன்னது போலவே மழைக்காலத்தில் சிணுங்கியது. ஒரு தரம் பாலத்து மேல் நின்றே விட்டது. லிஃப்ட்டுக்காரர் பெண்டாட்டியைக் குறை சொல்வார் என்று பார்த்தால், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆர்வமாக பானட்டைத் திறந்தார். லிஃப்ட்டில் ஆள் மாட்டினால் மேலே இருந்து மானேஜர் கத்துவார், உள்ளே இருந்து மாட்டினவர் கத்துவார். இங்கே கத்த யாரும் இல்லை. பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு பெண்டாட்டி நிற்கிறாள். ஒரு வயர் கழன்றிருந்தது. மாட்டினார், கிளம்பியது. அன்று முழுக்க அந்த வயரைப் பற்றியே பேசினார்.

மகள் லீவுக்கு வந்தாள். ஸ்டேஷனில் இறங்கும்போது இரண்டு பெரிய பெட்டி, ஒரு பை, ஒரு பூந்தொட்டி. டிக்கி ஒரு பெட்டியோடு நிறைந்துவிட்டது. மற்றதெல்லாம் பின்சீட்டுக்குப் போனது. மகள் முன்னால் ஏறித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு இடமில்லை.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் பஸ்ல வந்துடுறேன்" என்றார் அவர். வருத்தம் துளியும் இல்லை.

பஸ் நேராக வந்தது. இறங்கி, வீட்டுக் கதவைத் திறந்து, கை கால் கழுவி, அரிசி களைந்து அடுப்பில் வைத்தார். இன்னும் அவர்களைக் காணோம். ஸ்டேஷனிலிருந்து காரில் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். காய் நறுக்கினார். தாளித்தார். சோறு வெந்து, வடித்தும் ஆயிற்று. முன்பு ஒரு காலமென்றால் இதற்குள் நாலு தரம் போன் போட்டு, எங்கே நின்றுவிட்டது, என்ன ஆயிற்று என்று குடைந்திருப்பார். இப்போது தட்டுகளை எடுத்து வைத்தார், தண்ணீர் ஊற்றினார், ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

தெருமுனையில் கியர் குறைகிற சத்தம் கேட்டது. பச்சைக் கார் வந்து நின்றது. இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டு உடனே இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். மகள் ஓட்டுகிற பக்கத்தில் இருந்தாள். தொட்டி அம்மாவின் மடியில்.

"எங்க போயிட்டீங்க? சோறு ஆறுது" என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்.

"ஏரிக்கரைப் பக்கமா வந்தோம்ப்பா" என்றாள் மகள்.

"எத்தனை சுத்து?"

அம்மாவும் மகளும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர்தான் பதில் சொன்னாள்: "சாப்பிட்டுட்டு இன்னொண்ணு போகணும். நீங்களும் வாங்க."